பூரியில் ஓர் இரவு

நம் சங்கத்தின் மாத இதழுக்கு ஏதேனும் எழுதித் தர வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் இரண்டு ஆண்டுகளாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் எழுத்தாளன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இன்று கரக்பூரில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவன். பிறர் எழுதும் கடிதங்களுக்கு இலக்கமிட்டு உரிய மேஜைக்கு அனுப்புவதே என் தொழில். சொந்தமாக நான் எழுதுவது விடுமுறை விண்ணப்பம் ஒன்றுதான். ஆயினும், சென்ற ஆவணி மாதத்தில் என் தாயாரோடு பூரியில் ஒரு பழைய ஓட்டலில் தங்கிய இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று நான் அறிந்துகொண்டது என் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நம்மில் பலருக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றுகிறது.

பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் சென்ற அன்பர்கள் பலர், சக்ரதீர்த்த வீதியில் 'பி.என்.ஆர். ஓட்டல்' என்ற பழைய மாளிகையைப் பார்த்திருப்பார்கள். அந்த மூன்று எழுத்துக்களின் பொருள் நம் இளைஞர்களுள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே அதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

பெங்கால் நாக்பூர் ரயில்வே என்ற கம்பெனி 1887-ஆம் ஆண்டில் தோன்றியது. நாக்பூர்ப் பக்கத்திலிருந்து காடும் மலையும் கடந்து கிழக்கு நோக்கி இருப்புப்பாதை போட்டுக்கொண்டு வந்து, 1900-இல் அது ஹௌராவை எட்டியது. அந்தப் பாதையை ஒட்டி வளர்ந்த நகரமே நமது கரக்பூர். குர்தா ரோடு நிலையத்திலிருந்து பூரிக்குப் போகும் 44 கிலோமீட்டர் கிளைப்பாதை 1897-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் வங்காளத்திலிருந்து வரும் யாத்திரிகர்கள் ஜகந்நாத சாலை வழியே நடந்தும் மாட்டு வண்டியிலும் நாட்கணக்கில் வந்தார்கள். ரயில் வந்தபின் அது ஓர் இரவுப் பிரயாணம் ஆகிவிட்டது. பக்தர்கள் ஜகந்நாதரைத் தேடி வந்தார்கள். துரைமார்கள் கடற்காற்றைத் தேடி வந்தார்கள். பின்னவர்களின் வசதிக்காகக் கம்பெனியே 1920-களில் பூரியில் ஓட்டல் நடத்தலாயிற்று.

கம்பெனி 1944-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1952-இல் கிழக்கு ரயில்வேயோடு சேர்க்கப்பட்டது. 1955-இல் பிரிந்து தென்கிழக்கு ரயில்வே ஆயிற்று. 2003-இல் பூரிப் பகுதி புதிய கிழக்குக் கடற்கரை ரயில்வேக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை மாறுதல்களுக்குப் பிறகும் ஓட்டலின் பெயரில் உள்ள அந்த மூன்று எழுத்துக்கள் மட்டும் மாறவில்லை. நெடுங்காலம் ரயில்வேயே நடத்திவந்த அந்த ஓட்டல், பிற்பாடு குத்தகைக்கு விடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, இன்று பாரம்பரிய ஓட்டலாக விளங்குகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தகப்பனார் காட்பாடிக்கு அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். 1974-ஆம் ஆண்டு ரயில்வேயில் வேலை கிடைத்துக் கரக்பூருக்கு வந்தார். வந்த நாளில் அவருக்கு வங்காளியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். 2013-ஆம் ஆண்டு வரையில் உலகத்திலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றிருந்த பிளாட்பாரம் அது. "வேலையில் சேருவதற்கு முன்பே வேலை வாங்கிவிட்டார்கள்" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்.

1997-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்களைப் பூரிக்கு அழைத்துச் சென்றார். அப்பொழுது எனக்கு வயது 9. தர்மசாலை ஒன்றில் இரண்டு நாள் தங்கினோம். இரண்டாம் நாள் மாலையில் கடற்கரையிலிருந்து திரும்பும்போது, பி.என்.ஆர். ஓட்டலின் வாயிலுக்கு எதிரே அப்பா நின்றார். நாங்களும் நின்றோம். உள்ளே தோட்டமும், அதற்கு அப்பால் நீண்ட வராந்தாவும், பிரம்பு நாற்காலிகளும் தெரிந்தன.

"இது நம் ரயில்வேயின் ஓட்டல். வராந்தாவில் காற்று பிரமாதமாக வரும்" என்றார் அப்பா.

"உள்ளே போகலாமா?" என்று நான் கேட்டேன்.

"இன்னொரு சமயம் வரலாம். வந்தால் தங்குகிற மாதிரி வரவேண்டும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாயிலில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அப்பாவேதான் தம்மைத் தடுத்துக்கொண்டார். காற்று நன்றாக வரும் என்று வெளியிலிருந்தபடியே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அப்பொழுது கேட்கவில்லை. அந்த வயதில் அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்ற எண்ணம்.

அந்த 'இன்னொரு சமயம்' வரவே இல்லை. அக்காளின் திருமணம் வந்தது, ஊர் வீட்டின் பாகப் பிரிவினை வந்தது, கடன் வந்தது. 2009-ஆம் ஆண்டில், ஓய்வு பெறுவதற்கு 3 ஆண்டுகள் இருக்கையில், அப்பா காலமானார். அதுவரை கோல் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் ரயில்வேயில் கடைநிலை வேலை கிடைத்தது. இலாகாத் தேர்வு எழுதி 2016-இல் குமாஸ்தா ஆனேன். கருணை நியமனம் பெற்றவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் மாதச் சம்பளத்தை வாங்கும்போது மகிழ்ச்சி வராது. இது யாருடைய உயிரின் விலை என்ற நினைவே வரும். அந்த நினைவு நாளடைவில் மங்குமே ஒழிய, மறைவதில்லை.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாயிற்று. "நடக்க முடிகிறபோதே ஜகந்நாதரை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லத் தொடங்கினார். அன்று தோன்றிய எண்ணம்தான் இது. மாதம் 500 ரூபாய் வீதம் 16 மாதங்கள் தனியே சேர்த்தேன். 8000 ரூபாய் ஆயிற்று. மழைக் காலத்தில், வார நடுவில் போனால் வாடகை குறைவு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே அறை, ஒரே இரவு. அம்மா, மனைவி, 6 வயது மகள், நான் ஆகிய நால்வரும் அதற்குள் அடங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ரயில் கட்டணத்துக்குப் பாஸ் இருக்கிறது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "ரயில்வேக்காரர்களுக்குச் சலுகை உண்டு, ஏறக்குறைய இனாம்" என்று சொன்னேன். அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

* * *

கரக்பூரிலிருந்து பூரி ஏறத்தாழ 385 கிலோமீட்டர். இரவு வண்டியில் ஏறிக் காலையில் இறங்கினோம். முதலில் கோயிலுக்குச் சென்றோம். இப்போதுள்ள கோயிலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்க தேவன், தாய்வழியில் சோழர் குலத்தவன். அவன் பெயரிலேயே சோழம் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ அவனும் அம்மா ஊரை மறக்காத பிள்ளைதான்" என்று மகிழ்ந்துகொண்டார். மகாப்பிரசாதம் உண்டுவிட்டு நண்பகலுக்குப் பின் ஓட்டலை அடைந்தோம்.

28 ஆண்டுகளுக்கு முன் வெளியே நின்று பார்த்த வாயிலை இப்போது தாண்டி உள்ளே சென்றேன். என் கால் சற்றுத் தயங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் துணிப்பை, பழைய சூட்கேஸ், என் மனைவியின் தோளில் சாப்பாட்டுக் கூடை. சிப்பந்தி ஒருவர் முன்வந்து கூடையை வாங்கிக்கொண்டார். "ஐயோ, அதிலே ஊறுகாய் பாட்டில் இருக்கு, சாய்க்க வேண்டாம்னு சொல்லு" என்று அம்மா பதறினார்.

கட்டடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இக்காலத்து ஓட்டல்களில் அறைக்குள் நுழைந்துவிட்டால் நாம் கல்கத்தாவில் இருக்கிறோமா சென்னையில் இருக்கிறோமா என்பது தெரியாது. இங்கே அப்படி இல்லை. சுவர்கள் தடித்தவை. கூரை உயர்ந்தது. சூடான காற்று மேலே ஏறிக்கொள்ள, கீழே இருப்பவர்களுக்குக் குளிர்ச்சி. அறைக்கு முன்னால் வராந்தா இருப்பதால் வெயிலும் மழைச் சாரலும் நேரே உள்ளே வருவதில்லை. மின்விசிறி பரவாத காலத்தில் மனிதர்கள் காற்றோடு சமாதானம் செய்துகொண்டு வாழ்ந்த முறை இது. நம் ஊரில் தாழ்வாரமும் திண்ணையும் செய்த வேலையை இங்கே வராந்தா செய்கிறது.

கடற்கரைக் கட்டடத்துக்கு முதற்பகை உப்பு. எங்கள் இலாகாவில் ரயில்வே குடியிருப்புகளைச் செப்பனிட்டு வந்த முதிய மேஸ்திரி ஒருவர் எனக்கு இதை விளக்கியிருக்கிறார். காற்றில் உள்ள உப்பு ஈரத்தோடு செங்கல்லுக்குள் புகும். ஈரம் உலர்ந்தபின் உப்பு உள்ளேயே உறைந்து பருக்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தால் செங்கல் உள்ளிருந்தே பொடியாகும். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைக் கெட்டியாகப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் போகும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே சுவர் அரித்துக்கொண்டிருக்கும். ஆகையால்தான் பழைய கட்டடங்களைச் செம்மையாகப் புதுப்பிக்கிறவர்கள் மறுபடியும் சுண்ணாம்பையே நாடுகிறார்கள். "மூச்சு விடாத சுவர் நிற்காது, தம்பி" என்பார் மேஸ்திரி. சுவருக்கு மட்டும் அன்று, மனிதருக்கும் அது பொருந்தும் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய மாளிகைகளை விருந்தினர் விடுதிகளாக்கும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-இல் ஓட்டலாயிற்று. 1464-ஆம் ஆண்டைச் சேர்ந்த ராஜஸ்தானத்து நீம்ராணாக் கோட்டை, இடிபாடாகக் கிடந்த நிலையிலிருந்து பல ஆண்டுகள் செப்பனிடப்பட்டு, 1991-இல் ஓட்டலாகத் திறக்கப்பட்டது. மன்னர் இல்லாத மாளிகையும் துரை இல்லாத பங்களாவும் பூட்டிக் கிடந்தால் வௌவாலுக்குத்தான் வீடாகும். விருந்தினர் வந்து தங்கினால் விளக்கு எரியும். கூரை ஒழுகினால் யாரேனும் கவனிப்பார்கள். பணம் படைத்தவர்கள் தங்கும் இடம்தானே என்று நாம் ஒதுங்குவது இயல்பு. ஆனால் முன்பு அந்த வாயில்களில் குலமும் பதவியும் கேட்டார்கள். இன்று வாடகை ஒன்றைத்தான் கேட்கிறார்கள். 16 மாதம் சேர்த்தால் அதைக் குமாஸ்தாவும் கொடுக்க முடிகிறது. இது சிறிய மாறுதல் அன்று.

* * *

மாலையில் மழை விட்டிருந்தது. அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பிரம்பு நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. என் மகள் அங்குமிங்கும் ஓடி, "ஆயா! ஆயா! இங்கே வா!" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

வட ஆற்காட்டுப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று அழைப்பது நம்மவர்களுக்குத் தெரியும். வங்காளத்திலோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர். கரக்பூரில் எங்கள் அண்டை வீட்டார் இதை அறிவார்கள். பூரிக்கு வந்திருந்த கல்கத்தா அம்மாள் ஒருவருக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையோடு வந்த அவர் என் தாயாரிடம் குழந்தையை நீட்டி, "கொஞ்சம் பிடித்துக்கொள். இவர்களிடம் எத்தனை நாளாக வேலை செய்கிறாய்? மாதம் என்ன கொடுக்கிறார்கள்? எங்களுக்கும் ஒரு நல்ல ஆயா வேண்டும்" என்று வங்காளியில் கேட்டார். வயதில் மூத்தவரை 'ஆப்னி' என்பது அவர்கள் வழக்கம். அவர் சொன்னது 'துமி'.

நான் அறை வாயிலிலிருந்து இதைக் கேட்டேன். என் முகம் சூடேறியது. உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், அந்த அம்மாள்மேல் கோபம் வருவதற்கு முன்பே என் கண் அம்மாவின் சாயம் போன நூல் புடைவைமேல் சென்றது. 'நல்ல புடைவை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கக் கூடாதா?' என்று நினைத்தேன். பெற்ற தாயின் உடையைக் கண்டு வெட்கப்பட்ட அந்த ஒரு கணத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

அம்மாவோ சிறிதும் கலங்கவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த கரக்பூர் வங்காளியில், "சம்பளம் ஒன்றும் இல்லை அம்மா. சாப்பாடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதோ நிற்கிறானே, அவனைப் பெற்றவள் நான்" என்றார்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று குனிந்து என் தாயாரின் காலைத் தொட்டு வணங்கி, மன்னிப்புக் கேட்டார். அம்மா அவரைத் தூக்கி நிறுத்தி, "குழந்தையைத் தூக்குகிறவள் ஆயாதானே? எங்கள் ஊரில் அது பாட்டிக்குப் பெயர். உன் பிள்ளைக்கும் நான் பாட்டிதான்" என்றார். அதன்பின் இருவரும் அரை மணி நேரம் குழந்தைக்குப் பல் முளைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாள் ஒரு பொட்டலம் காஜா கொண்டுவந்து கொடுத்தார். அப்பொழுது அவர் வாயில் 'ஆப்னி' இருந்தது. 'மாஷிமா' என்ற உறவும் இருந்தது.

அறைக்கு வந்ததும், "நீங்க வருத்தப்படலையே அத்தை?" என்று என் மனைவி கேட்டாள்.

"எதுக்கு வருத்தம்? அந்தப் பொண்ணு கேட்ட வேலையைத்தானே முப்பது வருஷமா செய்யறேன்" என்று அம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

* * *

இரவு எத்தனை மணி இருக்குமென்று தெரியவில்லை. விழித்துப் பார்த்தபோது அம்மாவின் படுக்கை காலியாக இருந்தது. கதவு சற்றே திறந்திருந்தது. வெளியே சென்றேன்.

அம்மா வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை மடக்காமல், முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் நாற்காலியின் கைகளில் வைத்து நன்றாக உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடலின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. காற்று வீசிக்கொண்டிருந்தது.

"தூக்கம் வரலையாம்மா?"

"தூங்கறதுக்கா இத்தனை பணம் கொடுத்தே?" என்றார் அம்மா.

நான் விழித்தேன். "சலுகைன்னு சொன்னேனே..."

"உங்க அப்பாவும் பொய் சொல்றபோது இப்படித்தான் காதைத் தடவிக்குவார்" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"இந்த வராந்தாவுக்கு அவர் வந்திருக்கார், தெரியுமா?" என்று அம்மா கேட்டார்.

எனக்குத் தெரியாது. அம்மா சொன்னார்.

1983-ஆம் ஆண்டாம். அதிகாரி ஒருவர் விடுமுறையில் வந்து இந்த ஓட்டலில் தங்கியிருந்தார். அவசரமாக அவர் கையெழுத்து வேண்டியிருந்த ஒரு கோப்பை அப்பாவிடம் கொடுத்து இரவு வண்டியில் அனுப்பினார்கள். அப்பா காலை 8 மணிக்கு இங்கே வந்து சேர்ந்தார். அதிகாரி கடற்கரைக்குப் போயிருந்தார். அவர் திரும்பும் வரை, இரண்டரை மணி நேரம், அப்பா இந்த வராந்தாவில் காத்திருந்தார்.

"இங்கே வேலை செய்த பெரியவர் ஒருத்தர் டீ கொண்டுவந்து கொடுத்தாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம். இவர் உட்காரலை."

"அதிகாரி பார்த்தால் தப்பாக நினைப்பாரென்றா?"

"அதுவும் இருக்கலாம். எங்கிட்டே சொன்னது வேற. நாற்காலியிலே வெள்ளைத் துணி போட்டிருந்துச்சாம். ராத்திரி முழுக்க ரயில்லே வந்த சட்டை, ஒரே புழுதி. 'நான் உட்கார்ந்தா அழுக்காயிடும், துவைக்கிறவன் நம்மைப்போல ஒருத்தன்தானே'ன்னார். நின்னுக்கிட்டே டீயைக் குடிச்சிட்டு, நின்னுக்கிட்டே கையெழுத்து வாங்கிட்டு, அடுத்த வண்டியிலே வந்துட்டார். வந்து நாலு நாள் இந்தக் காத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தார்."

நான் ஒன்றும் பேசவில்லை. 1997-இல் வாயிலுக்கு வெளியே நின்று, 'வராந்தாவில் காற்று பிரமாதமாக வரும்' என்று அப்பா சொன்னது காதில் ஒலித்தது. அது ஊகம் அன்று. இரண்டரை மணி நேரம் நின்று அறிந்த உண்மை.

"எங்கிட்டே ஏன்ம்மா சொல்லலே?"

"பிள்ளைகிட்டே போய், நான் நின்னேன்னு எந்த அப்பன் சொல்லுவான்? உட்கார்ந்த அப்புறம் சொல்லலாம்னு இருந்திருப்பார்."

அதன்பின் நெடுநேரம் பேசவில்லை. கீழ்வானம் மெல்ல வெளுத்தது. மேகத்தின் அடியில் செம்மை பரவியது. சிப்பந்தி ஒருவர் வந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அம்மா, "இரண்டு" என்றார். வந்த தேநீரை உட்கார்ந்தபடியே, அவசரமில்லாமல், கடைசித் துளி வரையில் குடித்தார். எழுந்ததும் முந்தானையால் அந்த நாற்காலியை ஒரு முறை துடைத்துவிட்டு உள்ளே சென்றார்.

* * *

அறையைக் காலி செய்துவிட்டுப் புறப்படும்போது, சுவரில் மாட்டியிருந்த பழைய ரயில்வே நாட்களின் படங்களைச் சற்று நின்று பார்த்தேன். நான் வேலை செய்யும் பதிவேடுகளிலும் கீழ்நிலைச் சிப்பந்திகளின் பெயர் ஓய்வு பெற்றதும் அடிக்கப்பட்டுவிடும். இந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தனார், வெள்ளைத் துணியைத் துவைத்தவர், அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட பெரியவர், அழுக்காகிவிடக் கூடாதென்று அதில் உட்காராத என் தகப்பனார், இவர்களுக்கெல்லாம் படம் கிடையாது. ஆனால் ஒரு கட்டடம் நூறாண்டு நிற்பது இத்தகையவர்களின் கவனத்தால் அல்லவா? பழைய கட்டடம் இடிக்கப்படாமல் நிற்பதில் எளியவர்களுக்கு உள்ள லாபம் இதுதான்: அவர்கள் நின்ற இடம் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் என்றாவது ஒருநாள் அங்கே போய் உட்காரலாம். அந்த வராந்தாவை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியிருந்தால், அம்மா அந்தக் கதையை எங்கே உட்கார்ந்து சொல்லியிருப்பார்? சொல்லாமலே இருந்திருப்பார், நானும் அறியாமலே இருந்திருப்பேன்.

மூச்சு விடாத சுவர் நிற்காது என்று மேஸ்திரி சொன்னதை முன்பு எழுதினேன். 42 ஆண்டுகளாக என் தாயார் மனத்துக்குள் அடைத்து வைத்திருந்த ஒன்று அன்று வெளியே வந்தது. என் நெஞ்சில் 2009 முதல் இருந்துவந்த பாரமும் சற்று இறங்கியது. அப்பாவின் மரணத்தால் கிடைத்த நாற்காலி என்றுதான் என் அலுவலக நாற்காலியை இதுவரை எண்ணி வந்தேன். அவர் எனக்காக விட்டுவைத்த நாற்காலி என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். கடன் வாங்கி உல்லாசப் பிரயாணம் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நம் குடும்பங்களின் வரவு செலவு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தாய் தந்தையர் இந்த அயலூர்களில் எங்கே நின்றார்கள், எந்த வாயிலைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த இடம் இன்னும் நின்றுகொண்டிருந்தால், சிறுகச் சிறுகச் சேர்த்து, அவர்களால் நடக்க முடிகிற காலத்திலேயே அங்கே அழைத்துச் செல்லுங்கள். கீழ்த்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள், முழங்காலுக்கு நல்லது.

ஊர் திரும்பிய மறுநாள், சம்பளக் கவர்களைப் போட்டு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதில் 500 ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. நான் வைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"ராஞ்சியிலேயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குதாமே?" என்றார்.